ரிப்போர்ட்டில் நட்சத்திரம் விழாத எண்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. பெரிதாக எந்தத் தொந்தரவும் கிடையாது. நாற்பது தாண்டிவிட்டதே என்று வீட்டுக்காரர் வற்புறுத்தியதால் போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். மொத்தம் 72 டெஸ்ட். ரிப்போர்ட்டில் ஐந்து இடத்தில் நட்சத்திரக் குறி. டிஎஸ்ஹெச் 5.8. பிலிருபின் 1.6. இஎஸ்ஆர் 30. சிஏ-125 என்று ஒன்று 41, அது 35க்குள் இருக்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 10.8, "லேடீஸுக்கு இது சகஜம்" என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இது போதாதென்று கழுத்தில் எடுத்த ஸ்கேனில் தைராய்டில் 8 மி.மீ. அளவுக்கு ஒரு கட்டி, டைராட்ஸ் 3 என்று எழுதியிருக்கிறது. "ஊசி போட்டுப் பார்த்துவிடுங்கள், சிஏ-125 கூடியிருப்பதால் கேன்சர் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். டெஸ்ட் எடுத்த அன்று மாதவிலக்கு இரண்டாம் நாள், எனக்கு எப்போதுமே ஆறேழு நாள் அதிகமாகப் போகும். முந்தின நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது, ரத்தம் எடுக்கும்போது காலை பத்து. பி.பி. 148/94 என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள், அலைந்து திரிந்து வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது. நான் இப்போது என்ன செய்யட்டும்? வருடாவருடம் இப்படிப் பார்ப்பது நல்லதா, இல்லை பார்க்காமலே இருந்திருக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நானும் நட்சத்திரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போய்விட்டேன், பழக்கதோஷம். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிற வரிகள் கண்ணில் பட்டன. அதிகமான மாதவிலக்கு, 148/94, அப்பாவின் பக்கவாதம். எனக்கு அக்கறை இருக்கிற விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தூக்கத்துக்கு ஒரு வழி செய்வோம். நீங்கள் எழுதியிருப்பதில் புற்றுநோய் என்று சந்தேகப்பட வைக்கிற எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டியில் ஊசியால் குத்தித் துளி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. சிஏ-125க்காக மட்டும் கேன்சர் டாக்டரிடம் ஓட வேண்டாம். உங்கள் கழுத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை, கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அதனால் உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டோடு ஒருமுறை போய் உட்காருங்கள், ஆனால் பதறிக்கொண்டு போக வேண்டாம். உடனே கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: அந்த பி.பி., அப்புறம் "சகஜம்" என்று சொல்லிவிட்ட ஹீமோகுளோபின்.

சரி, ஐந்து நட்சத்திரம் எப்படி வந்தது? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். லேபில் "இதற்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு எல்லை போட்டிருக்கிறார்களே, அது பெரும்பாலான டெஸ்டுகளுக்கு எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமாக இருக்கிற சில நூறு பேருக்கு ரத்தம் எடுத்து, எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக அடுக்கி, கீழ்முனையில் நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் மேல்முனையில் இரண்டரைப் பேரையும் வெட்டிவிடுவார்கள். நடுவில் மிஞ்சுகிற 95 பேரின் எண்கள்தான் "நார்மல்". வெட்டப்பட்ட அந்த ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், அவர்களுக்கு வியாதி எதுவும் இல்லை. ஆக நல்ல உடம்போடு இருக்கிற ஒருவருக்கு ஒரு டெஸ்ட் எடுத்தால் நூற்றில் ஐந்து தடவை நட்சத்திரம் விழும். இருபது டெஸ்ட் எடுத்தால் எல்லாமே எல்லைக்குள் இருப்பதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். உங்களை மாதிரி 72 எடுத்தால் ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் வெளியே வருகிறவர்கள் நூற்றில் இரண்டு மூன்று பேர், சராசரியாக ஒருவருக்கு மூன்று நான்கு விழுந்தே தீரும். (ஒரு டெஸ்டுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இருப்பதால் நிஜத்தில் கணக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சர்க்கரை, கொழுப்பு மாதிரி சிலவற்றுக்கு எல்லையை வேறு விதமாக, ஆபத்தை வைத்துப் போடுகிறார்கள். ஆனாலும் சங்கதி இதுதான்.) என்னிடம் ரிப்போர்ட் கொண்டுவருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சீட்டில் எழுதியே காட்டுவேன். சிலர் நிம்மதியாகச் சிரிப்பார்கள், சிலர் "அப்படின்னா எதுக்கு டாக்டர் இத்தனை டெஸ்ட் எடுக்கிறாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இனி ஒவ்வொன்றாக. பிலிருபின் என்பது பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வருகிற மஞ்சள் கழிவு. அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, எனக்கே எப்போதும் 1.8 பக்கத்தில்தான் இருக்கும். கில்பர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1901லேயே இதை எழுதிவைத்தார், அவர் பெயரில்தான் இன்னமும் சொல்கிறோம். சுமார் இருபது பேரில் ஒருவருக்குக் கல்லீரல் இந்தப் பிலிருபினைக் கழிப்பதில் பிறவியிலேயே கொஞ்சம் சோம்பல். வயிறு காலியாகக் கிடந்தால், காய்ச்சல் அடித்தால், மாதவிலக்கு நேரத்தில், கடுமையாக உடற்பயிற்சி செய்தால் அளவு ஏறும், அப்புறம் தானாக இறங்கும். கல்லீரலுக்கு எந்தக் கேடும் இல்லை, மருந்தும் இல்லை. நீங்கள் பதினைந்து மணி நேரம் பட்டினி இருந்து, மாதவிலக்கு இரண்டாம் நாளில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். டெஸ்டுக்காக இருந்த பட்டினியே டெஸ்டில் நட்சத்திரம் போட்டிருக்கக்கூடும்! ஒன்றை மட்டும் பாருங்கள். ரிப்போர்ட்டில் "டைரக்ட் பிலிருபின்", எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம்கள் எல்லாம் எல்லைக்குள் இருக்கிறதா? இருந்தால் கல்லீரல் பற்றிய கவலையை விட்டுவிடலாம். ஆனால் உங்களுக்கு ரத்தசோகையும் இருப்பதால், ரத்த அணுக்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உடைகிறதா என்று உங்கள் டாக்டர் ஒரு சின்ன டெஸ்ட் எழுதினால் மறுக்காதீர்கள். அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

இஎஸ்ஆர், உடம்பில் எங்காவது அழற்சி இருக்கிறதா என்று பொத்தாம்பொதுவாகக் காட்டுகிற ஒரு பழைய டெஸ்ட், வயதோடு ஏறும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பது எங்கள் மனக்கணக்கு, உங்களுக்கு 26 சொச்சம் வருகிறது. 30க்கும் அதற்கும் பெரிய தூரமில்லை, ரத்தசோகை இருந்தாலே அந்த நாலு கூடும். விடுங்கள்.

டிஎஸ்ஹெச் 5.8ஐ விட்டுவிடச் சொல்ல மாட்டேன், துரத்தவும் சொல்ல மாட்டேன். தைராய்டை வேலை செய்யத் தூண்டுகிற இந்த ஹார்மோன் ராத்திரியில் ஏறி மதியம் இறங்குகிற சமாச்சாரம், சளிக்காய்ச்சல் வந்துபோன பிறகும் கொஞ்ச நாள் ஏறியிருக்கும். உங்களுடையதைப் போல லேசாகக் கூடியிருப்பது நிறையப் பேருக்கு மறுபடி பார்க்கும்போது தானாகச் சரியாகியிருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து டிஎஸ்ஹெச்சோடு, தைராய்டே சுரக்கிற ஃப்ரீ டி4ம் சேர்த்துப் பாருங்கள். பொதுவாகப் பத்தைத் தாண்டினால்தான் மாத்திரைக்குப் போவோம், கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் கணக்கு வேறு. ஒரு எச்சரிக்கை: முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மெஷின்களில் தைராய்டு ரிசல்ட் தலைகீழாகக்கூட வரும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் லேபில் சொல்லுங்கள், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்தச் சொல்வார்கள்.

கழுத்துக் கட்டிக்கு வருவோம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. பெரியவர்களின் கழுத்தில் நல்ல ஸ்கேன் மெஷினை வைத்துத் தேடினால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தைராய்டில் ஏதாவது ஒரு முடிச்சு அகப்படும். பத்தில் ஒன்பதுக்கு மேல் வெறும் சாதுவான முடிச்சுகள். டைராட்ஸ் என்பது ஸ்கேனில் அது எப்படித் தெரிகிறது என்பதை வைத்துக் கொடுக்கிற தரவரிசை. 3 என்றால் "லேசான சந்தேகம்" என்று அர்த்தம், கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரிசையை வகுத்தவர்களே அதே பக்கத்தில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்கள்: மூன்றாம் தரக் கட்டி இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால்தான் ஊசி, ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால்தான் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது. உங்களுடையது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. விதிப்படி அதற்கு இப்போது ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. குரல் கம்மிப்போய் அப்படியே நின்றுவிட்டால், விழுங்கச் சிரமமானால், கழுத்தில் வீக்கம் கண்ணுக்கே தெரிகிற மாதிரி வளர்ந்தால் வாருங்கள். சின்ன வயதில் கழுத்துக்குக் கதிரியக்கச் சிகிச்சை எடுத்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்போது பேச்சு மாறும். மற்றபடி தடவிப் பார்ப்பதை நிறுத்துங்கள். 8 மி.மீ. முடிச்சு பெரும்பாலும் என் கைக்கே அகப்படாது.

"இருந்தாலும் ஊசி போட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்களுக்குத் தென்கொரியா கதையைச் சொல்லுங்கள். அங்கே 1999ல் அரசாங்கம் சில புற்றுநோய்களுக்கு நாடு முழுக்கப் பரிசோதனை ஆரம்பித்தது. அந்தப் பட்டியலில் தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு "கழுத்தையும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே" என்று பல ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993ல் இருந்ததைப் போல 15 மடங்கு, அந்த ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். அத்தனை பேரைக் கண்டுபிடித்து அறுவைசிகிச்சை செய்ததால் சாவு குறைந்திருக்க வேண்டுமல்லவா? அந்தக் கோடு மட்டும் அசையவே இல்லை, முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். கண்டுபிடித்ததில் பெரும்பகுதி, ஆயுசு முழுக்க உள்ளே கிடந்து ஆளோடு போயிருக்க வேண்டிய துளிகள். ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்துபோனவர்களின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்து 1985ல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படிப்பட்ட நுண்ணிய புற்று இருந்தது, உயிரோடு இருந்தவரை யாருக்கும் தெரியாது. கொரியாவில் வெட்டிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் பக்கத்தில் இருக்கிற கால்சியம் சுரப்பிகள் கெட்டுப்போயின, இரண்டு பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது, பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை. 2014ல் அங்குள்ள மருத்துவர்களே சிலர் சேர்ந்து இதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ஒரே வருடத்தில் அந்த அறுவைசிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஐம்பது வயது மனிதர் ஒருவர், உடம்புக்கு ஒன்றும் இல்லை, "சும்மா முழுசா ஒரு செக்கப் பண்ணிடுங்க டாக்டர்" என்று வந்தார். மறுத்தால் அக்கறை இல்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று நெஞ்சு ஸ்கேன் வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். நுரையீரலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு புள்ளி. அதற்குப் பெரிய டாக்டர், பெரிய டாக்டர் சொல்லி இன்னொரு ஸ்கேன், அப்புறம் ஊசி. ஊசி போட்ட இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கி, நெஞ்சில் குழாய் போட்டு நாலு நாள் படுக்கை. புள்ளி, எப்போதோ வந்து ஆறிப்போன ஒரு தழும்பு. வீட்டுக்குப் போகும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களாலதான் டாக்டர், கேன்சர் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். நான் அவருக்குச் செய்தது முழுக்கத் தீங்கு, அவர் அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும். ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் நிம்மதி, ஏதாவது இருந்து அது ஒன்றுமில்லை என்று ஆனால் இன்னும் பெரிய நிம்மதி, தேவையில்லாமல் வெட்டிக்கொண்டால் "உயிர் பிழைத்தேன்". எப்படிப் பார்த்தாலும் எல்லோரும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

சிஏ-125ம் இதே ஜாதி. இது சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க அருமையான டெஸ்ட். ஆரோக்கியமாக இருக்கிற பெண்ணுக்கு எடுத்தால் குழப்பம்தான் மிச்சம். மாதவிலக்கு, கர்ப்பம், கருப்பையில் சாதாரண நார்க்கட்டி, கருப்பையின் உள்சவ்வு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றுக்கும் ஏறும். பிரிட்டனில் 2001ல் ஆரம்பித்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். அவர்கள் மாதவிடாய் நின்ற பெண்கள், உங்களைவிட இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு வருடாவருடம் சிஏ-125 பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது: பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் இரண்டு பக்கமும் அந்தப் புற்றால் இறந்தவர்களின் விகிதத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. மாதவிலக்கு இரண்டாம் நாளில் எடுத்த உங்கள் 41க்கு நான் என்ன மதிப்பு கொடுப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த டெஸ்ட் ஏன் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை ரிப்போர்ட் கொடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க நானே சொல்வேன். முரண்பாடாகத் தெரிகிறதா? காரணம் வேறு. சிஏ-125 இல்லை, மாதாமாதம் ஆறேழு நாள் அதிகமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே அது. அதோடு ஹீமோகுளோபின் 10.8. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எத்தனை பேருக்கு இருந்தால் என்ன, வியாதி வியாதிதான், "லேடீஸுக்குச் சகஜம்" என்பதற்காக நார்மல் ஆகிவிடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதா என்று உங்களைக் கேட்டால், "அது வேலைக் களைப்பு" என்றுதான் சொல்வீர்கள், எல்லாப் பெண்களும் அதைத்தான் சொல்கிறார்கள். "பெரிதாக எந்தத் தொந்தரவும் கிடையாது" என்ற உங்கள் முதல் வரியை நான் முழுசாக நம்பவில்லை, மன்னியுங்கள். ரிப்போர்ட்டில் எம்சிவி என்று, சிவப்பணுவின் அளவைச் சொல்கிற ஒரு எண் இருக்கும், 80க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 72 டெஸ்டில் அது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த ஒன்றைத் தனியாக எடுங்கள். குறைவு என்றால் இரும்பு மாத்திரை சில மாதம், கூடவே ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்று மகளிர் மருத்துவரிடம் காட்டி, கருப்பையில் நார்க்கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். நார்க்கட்டி இருந்தால் அதிகமாகப் போவதும், ரத்தசோகையும், சிஏ-125 ஏறியதும் மூன்றும் ஒரே கதையாகிவிடும். தைராய்டு மந்தமாக இருந்தாலும் சிலருக்கு மாதவிலக்கு அதிகமாகும், டிஎஸ்ஹெச்சை மறுபடி பார்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்த பி.பி. இதற்கு நட்சத்திரம் விழவில்லை. ரத்தம் மெஷினுக்குள் போகிறது, மெஷின் நட்சத்திரம் போடுகிறது. பி.பி.யை ஒரு மனிதர் அளந்து பேனாவால் எழுதுகிறார், அதற்கு நட்சத்திரம் போட ஆளில்லை. 140/90 தாண்டினாலே ரத்தக் கொதிப்பா என்று யோசிக்க வேண்டிய அளவு, உங்களுடையது 148/94, அப்பாவுக்கு 58ல் பக்கவாதம். அலைந்து வந்ததால் ஏறியிருக்கலாம், மறுக்கவில்லை. அப்படியானால் உட்கார வைத்து மறுபடி அளந்திருக்க வேண்டும். உலகத்தில் ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது வலிக்காது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் அளந்தபோது 186/108. வெளியில் மட்டும், ஜனாதிபதி நலமாக இருக்கிறார், வயதுக்கு ஏற்ற ஆரோக்கியம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று அளந்தது 300/190. அவருக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் உருப்படியான மருந்து இல்லை. இப்போது விலை குறைந்த, பல பத்தாண்டு பழகிய மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்கு மாத்திரை தேவை என்று நான் இன்னும் சொல்லவில்லை. அளந்தால்தான் தெரியும் என்கிறேன்.

எப்படி அளப்பது? மேல்கையில் பட்டை கட்டுகிற டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை கையின் பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் அளவு கூட்டிக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். சட்டைக் கைக்கு மேலே கட்டாதீர்கள், பேசாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். பேசினாலே பத்துப் பாயின்ட் ஏறும், அடக்கிவைத்த சிறுநீருக்கும் அப்படித்தான். அரை மணி நேரம் முன்னால் காபியும் வேண்டாம். காலையில் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு. ஏழு நாள். முதல் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மெஷினைப் பார்த்த பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளின் சராசரியைப் போடுங்கள். வீட்டில் அளக்கும்போது எல்லை 135/85. நடுவில் ஏதாவது ஒரு எண் பெரிதாக வந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டு உட்காராதீர்கள், பயத்தில் இன்னும் ஏறும். ஆனால் 180/120 மாதிரி வந்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்தாலும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது ஏதாவது இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். மாதவிலக்கு வலிக்கு ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை போடுகிறீர்களா? அவை பி.பி.யை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவும் வைக்கும், அதனாலும் ரத்தசோகை வரலாம். ஹார்மோன் மாத்திரைகள் சிலவற்றுக்கும் பி.பி. ஏறும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்குவது உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். சராசரி எல்லையை ஒட்டி இருந்தால் உப்பைக் குறைப்பது, நடப்பது, எடை கூடியிருந்தால் இறக்குவது, இதையெல்லாம் சில மாதம் முயன்று பார்க்கலாம். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள் உப்பு என்பது கணக்கு. வெளியே வாங்கித் தின்பதில் ஒளிந்திருப்பதும் அதில் அடக்கம், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

வருடாவருடம் 72 டெஸ்ட் எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். ஆரோக்கியமானவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பொதுப் பரிசோதனை செய்த 15 ஆய்வுகளை, மொத்தம் இரண்டரை லட்சம் பேரை, ஒன்றாகச் சேர்த்து 2019ல் கணக்குப் பார்த்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அதற்காக எதையும் பார்க்க வேண்டாம் என்று ஆகாது, உங்கள் இன்னொரு கேள்விக்கும் இதுதான் பதில். அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால் 148/94 இன்னும் பத்து வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் வயதில் வருடத்துக்கு ஒருமுறை பி.பி., சில வருடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையும் கொழுப்பும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற ஹெச்பிவி டெஸ்ட். மார்பகத்துக்கு மேமோகிராம் நாற்பதிலா ஐம்பதிலா என்று நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் சீக்கிரமே பேசுங்கள். 45, 50 ஆகும்போது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகிறதா என்று ஒரு டெஸ்ட். அவ்வளவுதான். ஹெச்பிவி டெஸ்ட் எப்போதாவது எடுத்திருக்கிறீர்களா? கர்ப்பப்பையை ஒட்டிய விஷயத்தில் நிரூபணமாகி, உயிரைக் காப்பாற்றுகிற டெஸ்ட் அதுதான். சிஏ-125 இருந்த பட்டியலில் அது இருந்ததா என்று தேடிப் பாருங்கள், எனக்குச் சந்தேகம்தான்.

ஆக வரிசையாகச் செய்ய வேண்டியது: இந்த வாரம் மெஷின், அடுத்த வாரம் அந்த ஆறு நாள் சராசரியும் எம்சிவி எண்ணும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டர், அப்புறம் மகளிர் மருத்துவர், இரண்டு மூன்று மாதம் கழித்து தைராய்டு. மெஷின் வந்ததும் வீட்டுக்காரரையும் அதே நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளந்து பாருங்கள். உங்களை 72 டெஸ்டுக்கு அனுப்பியவர் கடைசியாக எப்போது பி.பி. பார்த்துக்கொண்டார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.